கரண்டு மெத்தை

"கடிச்சிருக்கு! உன் நாய் கடிச்சுத்தான்..."

"எங்கே கடிச்சிருக்கு? இடத்தைக் காட்டு! சும்மா கத்திக்கிட்டு..."

"...கடிச்சுத்தான் உள்ளே இருக்குற கம்பி அத்துப்போயி என் முதுகு வெந்து கெடக்கு. நீ இடத்தைக் காட்டுங்கிறே! முதுகைக் காட்டவா? சட்டையைக் கழட்டவா?"

"கழட்டு. எனக்கென்ன வெக்கம்? ஏழு வயசு வரைக்கும் உன்னைக் குளிப்பாட்டி விட்டவளே நான்தான்!"

வாசலில் நின்றிருந்த சடையாண்டி இருமினான். முதலாளி முன்னால் சிரிப்பை மறைக்க அவனுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். அவன் ஒரு கையில் கோணிச் சாக்கு, இன்னொரு கையில் கிணற்றுக் கயிறு. நாகல் நகர் பூட்டுப் பட்டறையிலிருந்து மேட்டுப்பட்டி வரைக்கும் முதலாளி சைக்கிளுக்குப் பின்னாலேயே ஓட்டமும் நடையுமாக வந்திருந்தான். எதற்குச் சாக்கு, எதற்குக் கயிறு என்று வழியெல்லாம் கேட்டும் முதலாளி வாய் திறக்கவில்லை.

சகாயராணிக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாதா கோயிலில் முதல் பூசை முடிந்து வந்து முக்காட்டைக்கூட இன்னும் எடுக்கவில்லை. வாசலில் தம்பி ராயப்பராஜின் செருப்புச் சத்தம் கேட்டது, அவன் அக்குளில் செய்தித்தாள் சுற்றிய சுருள், பின்னால் சாக்கு. அந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தவுடனே அவள் போய் உள்ளறை நிலையில் குறுக்கே நின்றுகொண்டாள். உள்ளறையில் அம்மாவின் கட்டில். கட்டில் காலடியில் சார்ஜன்.

சார்ஜன் பதின்மூன்று வயது நாய். ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த ஒரு போலீஸ் சார்ஜண்டு ஊர் மாற்றிப் போகும்போது குட்டியாகக் கொடுத்துவிட்டுப் போனது. கொடுத்தவர் பேரே நாய்க்கும் நின்றுவிட்டது. ஒரு காலத்தில் மேட்டுப்பட்டித் தெருவில் தபால்காரர் அந்த வீட்டுக்கு மட்டும் கடிதத்தை வேலிக்கு மேலால் எறிந்துவிட்டுப் போவார். இப்போது அதற்கு இடுப்பு விழுந்துவிட்டது. முன்கால் இரண்டையும் ஊன்றி உட்காரும். பின்பாதி வேறொரு நாயுடையது போலத் தரையில் கிடக்கும். சத்தம் கேட்டு அது தலையைத் தூக்கிப் பார்த்தது. ராயப்பராஜைத் தெரிந்துகொண்டு வாலை ஒரே ஒரு தட்டுத் தட்டியது.

"பாரு," என்றாள் சகாயராணி. "நீ சாக்கோட வந்திருக்கே. அது உனக்கு வாலாட்டுது."

"அது வாலாட்டி என்ன செய்ய? நான் மூணு நாளா குப்புறப் படுத்துக் கெடக்கேன்!"

செய்தித்தாளைப் பிரித்து அதற்குள் இருந்ததை மேசைமேல் எறிந்தான் ராயப்பராஜ். இரண்டரை மாதமாகச் சகாயராணியின் கண்ணில் படாமல் இருந்த சாமான். வெளுத்த நீலத்தில், தலையணை அகலத்துக்கு, மெல்லிசான ஒரு மெத்தை. அதிலிருந்து கறுப்பு ஒயர். ஒயரின் நடுவில் விரல் நீளத்துக்கு ஒரு சுவிட்ச். சுவிட்சில் சின்னச் சக்கரம், அதில் சைபர், ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர். நீலத்தின் நடுவே உள்ளங்கை அகலத்துக்கு இப்போது கறுப்பாகப் பொத்தல் விழுந்திருந்தது.

அது அம்மாவின் காலுக்குச் சூடு கொடுக்கிற கரண்டு மெத்தை.

மூன்று வருஷத்துக்கு முந்தின கிறிஸ்துமஸுக்கு ராயப்பராஜ் கொண்டுவந்தான். சிங்கப்பூரிலிருந்து வந்த யாரோ ஒரு கூட்டாளி மூலமாக வாங்கியது. அன்றைக்கு வீடு நிறைய ஆட்கள். எல்லாரையும் சுற்றி நிற்க வைத்து, அவனே சொருகி, அவனே சுவிட்சைத் திருப்பி, ஒவ்வொருவர் கையாக இழுத்து அதன்மேல் வைத்துக் காட்டினான். "தொட்டுப் பாருங்க! தொட்டுப் பாருங்க! திண்டுக்கல்லுலயே ரெண்டு வீட்டுலதான் இருக்கும்." அம்மா ஆரோக்கியம்மாளுக்குச் சர்க்கரை வியாதி. கால் இரண்டும் ஐஸாகக் குளிர்ந்து கிடக்கும், ஆனால் தொட்டால் தெரியாது. முள் குத்தினாலும் ரத்தத்தைப் பார்த்துத்தான் குத்தியது என்று தெரிந்துகொள்வாள். சிறுமலைக் காற்று இறங்குகிற மார்கழியில் அந்தக் காலை வைத்துக்கொண்டு அவள் பட்ட பாடு சொல்லி முடியாது. அதனால் மகன் கொண்டுவந்த மெத்தையைக் கட்டிப்பிடித்து அழுதாள். மகனையும் கட்டிப்பிடித்து அழுதாள். அது எல்லாம் உண்மைதான். யாரும் இல்லை என்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வந்தபோதெல்லாம் ராயப்பராஜ் நிலையைத் தாண்டும்போதே கேட்கிற முதல் கேள்வி, "மெத்தை வேலை செய்யுதா?" அம்மா எப்படி இருக்கிறாள் என்பது இரண்டாவது கேள்வி. சில நாள் இரண்டாவது கேள்விக்கு நேரம் இருக்காது.

மெத்தை வேலை செய்தது. தானாகச் செய்யவில்லை.

வாங்கி வந்த பத்தாம் நாள் சகாயராணி அதைப் பேகம்பூரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த முகமது பாரூக்கிடம் தூக்கிக்கொண்டு போனாள். அவர் மகள் இவளிடம் நாலாம் வகுப்பு படித்தவள். பாரூக் மெத்தையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துத் தடவிப் பார்த்தார்.

"டீச்சர், இதுக்குள்ள தலைமுடி கனத்துல கம்பி, பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போகுது. இதை எப்படி வைப்பீங்க?"

"துணி மாதிரி மடிச்சு..."

"அல்லாவே! மடிச்சிராதீங்க. மடிச்ச எடத்துல கம்பி ஒடியும். ஒடிஞ்ச கம்பி சும்மா இருந்தாப் பரவாயில்லை, அரையும் குறையுமா ஒட்டிக்கிட்டு நின்னா அந்த எடத்துல பொறி பறக்கும். தட்டையா விரிச்சு வைங்க. எடம் இல்லையா, பாயைச் சுருட்டுற மாதிரி தளர்வாச் சுருட்டுங்க. ஊக்குக் குத்தாதீங்க. ஈரம் ஆகாது. யார் காலுக்கு?"

"அம்மா காலுக்கு. அவகளுக்குச் சூடு தெரியாது."

"அப்ப ஒண்ணாம் நம்பருக்கு மேல போகாதீங்க. அவங்களுக்குத் தெரியாட்டியும் தோலுக்குத் தெரியும்."

ஒன்றாம் நம்பர். மூன்று வருஷமும் ஒன்றாம் நம்பர்தான். சாயங்காலம் ஏழு மணிக்குச் சொருகி, கடிகாரத்தைப் பார்த்து இருபது நிமிஷம். ஐந்து நிமிஷத்துக்கொரு தரம் தன் மணிக்கட்டின் உள்பக்கத்தை மெத்தைமேல் வைத்துப் பார்ப்பாள். அம்மாவின் பழைய ஃபிளானல் பாவாடையைக் கிழித்து இரண்டு உறை தைத்தாள். ஒன்று மெத்தையில், ஒன்று துவைத்துக் கொடியில். எறும்பு வராமலிருக்க ஒயரைத் தரையில் படவிடாமல் ஆணியில் மாட்டினாள். சார்ஜன் அப்போது நடமாடிக்கொண்டிருந்த காலம். வாய் சும்மா இருக்காது என்று ஒயருக்குத் துணிச் சுற்றுச் சுற்றி, அந்தத் துணியில் வேப்பெண்ணெய் தடவினாள். நாய் ஒரே ஒரு தடவை முகர்ந்து பார்த்துத் தும்மிவிட்டுப் போனது. அதோடு சரி.

அம்மாவுக்கும் நாய்க்கும் கடைசிக் காலத்தில் ஒரே நோவாகிப் போனது. "ஏடீ, இது என்னைவிட மோசமா நடக்குதுடி," என்பாள் அம்மா. கால் சூடானதும் மெத்தையைக் காலாலேயே தள்ளித் தள்ளிக் கட்டில் ஓரத்துக்குக் கொண்டுபோவாள். "அதுக்குச் செத்த நேரம் குடு. எனக்குப் போதும்." அதனால் மூன்றாவதாக ஒரு உறை தைக்க வேண்டியதாயிற்று, கோணியில், நாய்க்கென்று. அம்மாவுக்கு முடிந்ததும் உறை மாற்றி, கீழே இறக்கி, இரண்டாம் நம்பரில் கால் மணி நேரம் சார்ஜனின் இடுப்புக்கு. நாய்க்கு ரோமமும் கோணியும் தாண்டிப் போக வேண்டுமே, அதனால் இரண்டு. அது கண்ணை மூடிக்கொண்டு பெருமூச்சு விடும். அடுத்த நாள் காலையில் எழுந்து வாசல் வரை நடக்கும்.

ஆரோக்கியம்மாள் போன அக்டோபரில், ஜெபமாலை மாதத்தில், தூக்கத்திலேயே போய்விட்டாள். முப்பதாம் நாள் பூசை முடித்து வீட்டில் ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ராயப்பராஜின் மனைவி ஜெயமேரி கை கழுவ உள்ளே போனவள், போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"என்னங்க, இங்கே வந்து பாருங்க. அத்தை மெத்தையில நாய் படுத்திருக்கு!"

அன்றைக்கும் சண்டைதான். ஆனால் அன்றைக்கு ஆட்கள் இருந்தார்கள். செத்த வீட்டில் வாயைத் திறக்காதே என்று எல்லாரும் சகாயராணியையே அடக்கினார்கள். ராயப்பராஜ் சொருகியிருந்ததைப் பிடுங்கினான். சூடு ஆறக்கூட விடவில்லை. இரண்டாக மடித்தான். அந்த இரண்டை மறுபடி இரண்டாக மடித்து ஓரத்தைக் கையால் நீவிவிட்டான்.

"மடிக்காதே ராயப்பா. அது மடிக்கிற சாமான் இல்லை."

"பத்திரத்தைப் பத்தி நீ எனக்குச் சொல்றியா? ஊர்ல பாதிப் பேர் வீட்டுச் சாமானுக்கு நான்தான் பூட்டுச் செஞ்சு குடுத்திருக்கேன். அம்மா ஞாபகமா இது ஒண்ணுதான் இருக்கு. இரும்புப் பெட்டியில வெச்சுப் பூட்டினா நூறு வருசம் கெடக்கும்."

"கெடக்கத்தான் செய்யும்," என்றாள் அவள். ஆனால் அதற்குள் அவன் அதன்மேல் நூல் கட்டி, இரண்டு அந்துருண்டையும் வைத்துவிட்டான்.

அவன் வளர்ந்த விதம் அப்படி. அவர்கள் அப்பாவும் பூட்டுக்காரர். எது முக்கியமோ அது பெட்டிக்குள் போகும், எது பெட்டிக்குள் போனதோ அது பத்திரம். ஏழு லிவர் பூட்டு, சாவி அரைஞாண் கயிற்றில். திறந்து காற்று காட்ட வேண்டிய சாமானும் உலகத்தில் உண்டு என்பது அந்தக் குடும்பத்து ஆண்கள் யாருக்கும் தோன்றியதில்லை.

மார்கழியில் சகாயராணி இரண்டு தரம் நாகல் நகருக்கு நடந்து போய் மெத்தையைக் கேட்டாள். இரண்டு தரமும் பட்டறை ஆட்கள் காதுபட, "அம்மா ஞாபகத்தை நாய்க்கு விரிக்கக் கேக்குறியே, உனக்கே அசிங்கமா இல்லை?" என்று அனுப்பிவிட்டான். சட்டியில் உப்பை வறுத்துத் துணியில் கட்டி நாயின் இடுப்புக்கு ஒத்தடம் கொடுத்தாள். உப்பு பத்து நிமிஷத்தில் ஆறிவிடும். செங்கல்லை அடுப்பில் சுட்டுச் சாக்கில் சுற்றி இடுப்போரம் வைத்தாள். செங்கல்லுக்கு ஏது நம்பர்? ஒரு நாள் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டே மணிக்கட்டை வைத்துப் பார்க்க மறந்துவிட்டாள். ரோமம் பொசுங்கிய வாசனை வந்த பிறகுதான் ஓடினாள். நாய் கத்தவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தது. அந்த இடத்தில் ரோமம் இன்னும் முளைக்கவில்லை. பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் அது எழ முயன்று விழுந்தது. அதற்குப் பிறகு எழவில்லை.

அந்தச் செங்கல் இப்போதும் அடுப்படியில்தான் கிடந்தது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவள் கண்ணைத் திருப்பிக்கொள்வாள்.

"உனக்கு முதுகு எப்படிப் பிடிச்சுச்சு?" என்று கேட்டாள் இப்போது.

"பூட்டுப் பெட்டியைத் தூக்கினேன். பிடிச்சுக்கிச்சு. ஜெயமேரிதான் சொன்னா, மெத்தை சும்மாதானே கெடக்கு, எடுத்துப் போடுங்கன்னு."

"சும்மாதானே கெடக்கு!" சகாயராணி சிரித்தாள். அந்தச் சிரிப்பு வந்த விதம் சடையாண்டியை ஒரு அடி பின்னால் நகர வைத்தது. "எனக்கு ரெண்டு தரம் இல்லைன்னே. உன் முதுகு பிடிச்சதும் சும்மா கெடக்குற சாமானாயிருச்சு! அம்மா ஞாபகம் எங்கே போச்சு? உன் முதுகுக்குக் கீழேயா?"

"நான் வாங்கின சாமான்! என் முதுகுக்குப் போட்டா உனக்கு என்ன?"

"எந்த நம்பர்ல போட்டே?"

"மூணுல. பிடிப்பு விடணும்ல?"

"மேலே ஏதாவது விரிச்சியா?"

"எதுக்கு விரிக்கணும்? சூடு எப்படி ஏறும்? போட்டுக் கண்ணசந்தேன். நாத்தம் வந்துச்சு. எந்திரிச்சா பனியன் எரியுது! ஜெயமேரி குடத்துத் தண்ணியைத் தூக்கி மேலே ஊத்தினா."

"கரண்டோடயா!"

"பிடுங்கிட்டுத்தான்... பிடுங்கினாளோ என்னமோ, யாரு கண்டா! செத்திருப்பேன். உன் நாயால செத்திருப்பேன். இது ரெண்டு வருசமா இதைக் கடிச்சு வெச்சிருக்கு, நீ எங்கிட்ட மறைச்சிருக்கே. ஏலே சடையாண்டி! உள்ளே போயி அதைச் சாக்குல போடு. ஆத்தூர் அணைப் பக்கம் கொண்டுபோயி விட்டுட்டு வா."

"அவன் இந்த நிலையைத் தாண்டட்டும், பாப்போம்."

"வீடு அம்மா பேருல இருந்த வீடு அக்கா. பாதி எனக்கு. என் பாதியில நாய் இருக்கக் கூடாது."

"எந்தப் பாதி? அது படுத்திருக்குற பாதியா? அளந்து கோடு போட்டுட்டு வா. அது இடுப்பு என் பக்கம் இருக்கட்டும், மூஞ்சியை நீ எடுத்துக்க!"

"டீச்சரம்மா," என்றான் சடையாண்டி மெதுவாக, "நான் ஒண்ணும் செய்ய மாட்டேன். சும்மா பாக்குறேன்."

அவனைப் பார்த்தாள். வீட்டில் எருமை வைத்திருக்கிறவன், மாடு கன்றோடு புழங்குகிறவன். சாக்கைக் கீழே போட்டுவிட்டு வெறுங்கையைக் காட்டினான். அவள் ஒரு சாண் விலகினாள். அவன் உள்ளே போய்ச் சார்ஜன் பக்கத்தில் குந்தினான். முதலில் முகர விட்டான். அப்புறம் காதுக்குப் பின்னால் சொறிந்தான். அப்புறம், சந்தையில் மாடு பார்க்கிறவன் மாதிரி, கட்டை விரலால் நாயின் மேலுதட்டைத் தூக்கினான்.

"மொதலாளி."

"என்னடா?"

"இங்கே செத்த வாங்க."

"போட்டுக் கட்டுடான்னா..."

"மாட்டுக்குத்தான் பல்லைப் பிடிச்சுப் பாப்பாக. இன்னைக்கு நாய்க்குப் பாத்துட்டேன். இதுக்கு முன்வாயில பல்லே இல்லையே மொதலாளி. கடைவாயில ரெண்டு வேர் நிக்கிது. இது எதைக் கடிச்சுச்சு, கஞ்சியையா?"

"ரெண்டு வருசமாச்சு பல்லு விழுந்து," என்றாள் சகாயராணி. "அதுக்கு நான் சோத்தைப் பிசைஞ்சு ஊட்டுறேன். மூணு வருசத்துல நூறு தரமாவது இந்த வீட்டுக்கு வந்திருப்பே. அது வாயைப் பாக்கலை சரி, தட்டையாவது பாத்தியா?"

ராயப்பராஜின் காது சிவந்தது. சின்ன வயதிலிருந்தே, பொய் அகப்பட்டால் அவனுக்கு முதலில் காதுதான் சிவக்கும். அவன் தோற்றுப்போகிறவன் அல்ல, இடம் மாறுகிறவன்.

"சரி, கடிக்கலை. மூத்திரம் பேஞ்சிருக்கும். உப்பு எறங்கினா எந்தக் கம்பியும் அரிச்சுரும். இரும்பைப் பத்தி எனக்குத் தெரியும்."

"இரும்பைப் பத்தி உனக்குத் தெரியும். வா. இதைப் பாரு."

அவள் மேசைக்கு வந்தாள். நிலையை விட்டுவிட்டோம் என்பதுகூட நினைவில்லை. மெத்தையை எடுத்து விரித்தாள். அது விரியவில்லை, இரண்டரை மாதம் நூல் கட்டிக் கிடந்த மடிப்பு, தானாகவே பழைய இடத்துக்குச் சுருங்கப் பார்த்தது. கையால் அழுத்திப் பிடித்தாள். நீலத்தின்மேல் இரண்டு மடிப்புக் கோடு, நெடுக்கே ஒன்று, குறுக்கே ஒன்று, சிலுவைபோல. இரண்டும் சந்திக்கிற இடத்தில் கறுப்புப் பொத்தல். பொத்தலிலிருந்து நெடுக்குக் கோட்டின் மேலேயே பழுப்பாக ஓடி, இன்னொரு சின்னக் கருகல்.

"இது மூத்திரமா? மூத்திரம் கோடு போட்டுத்தான் பேயுமா? அடிக்கோலு வெச்சு?"

சடையாண்டி மறுபடி இருமினான்.

"உன் கை மடிச்ச எடத்துல, உன் கை நீவிவிட்ட எடத்துல எரிஞ்சிருக்கு. மடிக்காதேன்னு சொன்னேன். நாற்பது பேர் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாக, அம்புட்டுப் பேர் முன்னாடியும் சொன்னேன். செத்த வீட்டுல வாயைத் திறக்காதேன்னு என் வாயை அடைச்சீக. உன் பூட்டு நல்ல பூட்டுதான் ராயப்பா. வெளியே இருந்து ஒருத்தன் உள்ளே போக முடியாது. ஆனா உள்ளே இருந்த சாமானைக் கொன்னது யாரு?"

"நான் கெட்டுப்போகணும்னா வெச்சேன்? பத்திரமா இருக்கணும்னுதான்..."

"பத்திரம்! மூணு வருசம் தினமும் எடுத்தேன், தினமும் வெச்சேன். ஒரு நூல் பிரியலை. நீ தொடாம வெச்சே, செத்துப்போச்சு. அதோட போச்சா? அங்கே பாரு, அது இடுப்பைப் பாரு. அந்தத் தழும்பைப் பாரு. நான் போட்ட தழும்பு அது. என் கையால, செங்கல்லை வெச்சு. இருபத்தெட்டு வருசம் பிள்ளைகளைப் பிரம்பால தொட்டதில்லை நான். வாயில்லாத சீவனைச் சுட்டுட்டேன். எந்திரிச்சு நடந்துக்கிட்டு இருந்தது படுத்துருச்சு. நீ சாக்கைத் தூக்கிக்கிட்டு வந்திருக்கே!"

நாய் முன்கால்களை ஊன்றி, அவளிருந்த பக்கம் வர ஒரு முழம் இழுத்துக்கொண்டு வந்து நின்றது.

சடையாண்டி எழுந்து, சாக்கை எடுத்து மடித்துத் தோளில் போட்டான். கயிற்றைச் சுருட்டினான்.

"நான் பட்டறைக்குப் போறேன் மொதலாளி."

"நான் போகச் சொன்னேனா?"

"பூட்டுக்கு அரத்தால சாவி ராவுறது என் வேலை. இது எனக்கு வராது. கோவிச்சுக்கிட்டா நாளைக்குக் கோவிச்சுக்கங்க." வாசலில் நின்று திரும்பினான். "டீச்சரம்மா, எங்க வீட்டுல எருமைக்கு வெக்கிற தவிட்டு மூட்டை ஒண்ணு இருக்கு. வறுத்துக் கட்டினா உப்பைவிடக் கூட நேரம் சூடு நிக்கும். சாயந்தரம் கொண்டாரேன்."

அவன் போன பிறகு வீட்டில் இருவர்தான். இருவருக்கும் நடுவே மேசைமேல் மெத்தை, மறுபடி பாதியாகச் சுருங்கிக் கிடந்தது. ராயப்பராஜ் உட்காரப் போனான். முதுகு நாற்காலியில் பட்டதும் துள்ளி எழுந்தான். எழுந்த வேகத்தில் கோபமும் திரும்பி வந்துவிட்டது.

"நீ எப்பவுமே இப்படித்தான். ஊருக்கு முன்னாடி, வேலைக்காரன் முன்னாடி, என்னை ஒண்ணுமில்லாதவனாக்கிக் காட்டணும் உனக்கு. அம்மாவை நீதான் பாத்தே, சரி, இல்லைங்கலை. ஆனா நான் ஒண்ணுமே செய்யலையா? இதை யாரு வாங்கிக் குடுத்தா? நீயா? உன் பள்ளிக்கூடமா? நான் வாங்கிக் குடுத்தேன். மூணு மார்கழி! மூணு மார்கழி அம்மா என் சூட்டுல படுத்துக் கெடந்தா. அதை இல்லைன்னு சொல்லு பாப்போம்!"

என் சூடு. அந்தச் சொல் சகாயராணியின் காதுக்குள்ளேயே நின்றது. ஏழு மணி. இருபது நிமிஷம். மணிக்கட்டு. ஆயிரம் சாயங்காலம் அந்த மணிக்கட்டு, மெத்தைக்கும் அம்மாவின் சூடு தெரியாத காலுக்கும் நடுவே.

"இல்லைன்னு சொல்லலை," என்றாள். குரல் இறங்கியிருந்தது. இறங்கிய குரலைக் கேட்டுத்தான் அவன் முதல் தடவையாகப் பயந்தான். அம்மாவும் அடிக்கிறதற்கு முன்னால் இப்படித்தான் இறங்குவாள். "உன் சூடுதான். மூணு மார்கழியும் உன் சூடுதான் ராயப்பா. அப்ப ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போ. சொல்லிட்டேன்னா நாயை நானே தூக்கிக்கிட்டு இந்த வீட்டை விட்டுப் போறேன், உன் பாதி என் பாதி எல்லாத்தையும் நீயே பூட்டிக்க."

"என்ன?"

"அம்மா காலுக்கு எந்த நம்பர்ல வெக்கணும்?"

அவன் வாயைத் திறந்தான். கண் தானாக மேசைக்குப் போனது. ஒயருக்கு, ஒயரின் நடுவில் இருந்த சுவிட்சுக்கு, சக்கரத்தில் தேய்ந்து கிடந்த நம்பர்களுக்கு. மூன்றில் ஒன்று மட்டும் தினமும் விரல் பட்டு அழிந்து போயிருந்தது. அது எது என்று அவன் பார்ப்பதற்குள் சகாயராணி தன் உள்ளங்கையை அதன்மேல் வைத்து மூடினாள்.

"பாத்துச் சொல்லாதே. பாக்காமச் சொல்லு."